அரசியல் செய்திக்குத் தாய்ப்பத்திரம்

1,76,645 கோடி ரூபாய். 2010-க்கும் 2014-க்கும் நடுவில் தமிழ்நாட்டில் வாழ்ந்த எவருக்கும் இந்த எண்ணை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மேடைப் பேச்சாளர்கள் அதன் பூஜ்யங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிக் கைதட்டல் வாங்கினார்கள். 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டைப் பற்றி மத்திய கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவர் தந்து, 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் இருந்து புறப்பட்ட எண் அது. எல்லோரையும் போல நானும் அதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அறிக்கையைத் திறந்து பார்த்தது மட்டும் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

திறந்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, அந்தத் தொகையை அறிக்கை 'அனுமான இழப்பு' என்ற பொருள்படும் சொல்லால்தான் குறிப்பிடுகிறது. இந்த விலைக்கு விற்றிருந்தால் இவ்வளவு வந்திருக்கலாம் என்ற கணக்கு அது. இரண்டாவது, அங்கே இருந்தது ஒரே எண் அல்ல. வெவ்வேறு முறைகளில் போட்ட கணக்குகள் இருந்தன. மிகக் குறைந்தது 57,666 கோடி. 3ஜி ஏலத்தில் கிடைத்த விலையை அளவுகோலாக வைத்துப் போட்ட கணக்குதான் 1,76,645 கோடி. ஊருக்குள் வந்து சேர்ந்தது இருந்தவற்றில் பெரியது மட்டுமே, அதுவும் 'கொள்ளையடித்த தொகை' என்ற புதுப் பெயரோடு.

மறுதரப்பும் சளைத்ததல்ல. 2017 டிசம்பர் 21 அன்று டெல்லி சிறப்பு நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு பற்றிய ஊழல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. அன்றிலிருந்து 'எதுவுமே நடக்கவில்லை, எல்லாம் கட்டுக்கதை' என்பது இன்னொரு முழக்கம். ஆனால் 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம், ஒதுக்கீட்டு முறை சட்டப்படி நிற்காது என்று சொல்லி 122 உரிமங்களை ரத்து செய்த தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. விடுதலையை எதிர்த்து சிபிஐ மேல்முறையீடு செய்ததும், 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றதும் அதே கதையின் அடுத்த பக்கங்கள்.

மூன்று காகிதங்கள், மூன்று கேள்விகள். அரசுக்கு எவ்வளவு வருவாய் வந்திருக்கலாம் என்ற கேள்விக்குத் தணிக்கை அறிக்கை பதில் சொல்கிறது. ஒதுக்கிய முறை சரியா என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இன்னார் குற்றம் செய்தார் என்பது நிரூபிக்கப்பட்டதா என்பதற்கு விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு. ஒன்றின் பதிலை எடுத்து இன்னொன்றின் கேள்விக்குப் பொருத்துவதுதான் நம் அரசியல் வாக்குவாதங்களில் பாதி. மூன்றும் இணையத்தில், பைசா செலவில்லாமல் கிடைக்கின்றன.

இவ்வளவையும் முதலில் சொல்லக் காரணம் உண்டு. 'அரசியல் செய்திக்கு நம்பகமான தளம் எது, ஒன்றைச் சொல்லுங்கள்' என்று என்னிடம் கேட்பவர்கள் ஒரு பெயரை எதிர்பார்க்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. நாம் ஒரு கிரவுண்டு நிலம் வாங்கப் போகும்போது 'நம்பகமான தரகர் யார்' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. தரகர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும், தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்கிறோம். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பட்டாவில் யார் பெயர் என்று பார்க்கிறோம். ஐந்து லட்சத்துக்கு நிலம் வாங்க இத்தனை பார்ப்பவர்கள், ஐந்து ஆண்டுக்கு ஆட்சியைக் கொடுக்கும் விஷயத்தில் தரகர் பேச்சோடு திருப்தி அடைந்துவிடுகிறோம்.

அரசியல் செய்திகளிலும் பெரும்பாலானவற்றுக்குத் தாய்ப்பத்திரம் உண்டு. வேட்பாளரைப் பற்றிய செய்தி என்றால் பிரமாணப் பத்திரம், சட்டத்தைப் பற்றியது என்றால் அரசிதழ், பணத்தைப் பற்றியது என்றால் நிதிநிலை அறிக்கை அல்லது தணிக்கை அறிக்கை, வழக்கைப் பற்றியது என்றால் தீர்ப்பு, திட்டத்தைப் பற்றியது என்றால் அரசாணை. செய்தித்தாள், தொலைக்காட்சி, யூடியூப், முகநூல் எல்லாம் தரகர்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை. நல்ல தரகர் இல்லாமல் நிலம் எங்கே இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. நல்ல தரகருக்கு ஒரே அடையாளம்தான்: கேட்பதற்கு முன்பே பத்திரத்தின் நகலைக் கையில் கொடுப்பார். தீர்ப்பைப் பற்றி எழுதிவிட்டு எந்த நீதிமன்றம், எந்தத் தேதி என்றுகூடச் சொல்லாத செய்தியை நான் பாதிதான் நம்புவேன்.

பிரமாணப் பத்திரத்தை வாசிப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். எல்லோராலும் இன்றே செய்து பார்க்க முடிகிற வேலை இது.

வேட்பாளர்கள் தங்கள் சொத்து, கடன், வழக்கு, கல்வித் தகுதி ஆகியவற்றை அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு அரசியல்வாதிகள் மனமிரங்கித் தந்ததல்ல. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை நீர்த்துப்போகச் செய்ய நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 2003 மார்ச்சில் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பிறகே இந்தப் பிரமாணப் பத்திரத்துக்கான படிவம் 26 இன்றைய வடிவத்தை நோக்கி வளர்ந்தது.

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வேட்பாளர் பிரமாணப் பத்திரங்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. எந்தத் தேர்தல், எந்த மாநிலம், எந்தத் தொகுதி என்று தேர்ந்தெடுத்தால் வேட்பாளர்களின் புகைப்படங்கள் வரிசையாக வரும். பெயரைத் தட்டினால், முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் நோட்டரி முத்திரையுமாக இருக்கும் பத்திரத்தின் நகல் இறங்கும். தமிழ்நாட்டு வேட்பாளர்கள் பலருடைய பத்திரங்கள் தமிழிலேயே இருக்கின்றன. நகல் சில நேரம் கோணலாக, மங்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் வழக்குகள் பகுதிக்குப் போங்கள். 'இவர்மேல் 14 வழக்குகள்' என்ற பதிவைப் பார்த்துவிட்டு நீங்கள் வந்திருக்கலாம். பத்திரத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், நீதிமன்றம், சட்டப் பிரிவு, குற்றச்சாட்டு வனையப்பட்டதா இல்லையா என்ற விவரம் இருக்கும். பிரிவுகளைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகியவை மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால், சட்டவிரோதமாகக் கூடியது, அதிகாரியின் உத்தரவை மீறியது, வழிமறித்தது. அதாவது சாலை மறியலும் ஆர்ப்பாட்டமும். தெருவில் இறங்கிப் போராடும் எந்தக் கட்சிக்காரர் மீதும் இவை மழைக்காலத்துப் பாசிபோல் படிந்திருக்கும். 420, 302 என்று வந்தால் கதை வேறு: ஒன்று மோசடி, மற்றது கொலை. எண்ணிக்கையைவிடப் பிரிவு முக்கியம் என்பது அந்த இடத்தில் புரிந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், புதிய வழக்குகளில் இந்தப் பிரிவு எண்கள் மாறியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிலுவையில் உள்ள வழக்குகளும் தண்டனை பெற்ற வழக்குகளும் தனித்தனிப் பகுதிகளில் வரும். முதலாவதைக் காட்டி 'குற்றவாளி' என்று எழுதுகிற பதிவைக் கண்டால் அதை எழுதியவர் பத்திரத்தைத் திறக்கவில்லை, அல்லது திறந்தும் மறைக்கிறார்.

அடுத்து சொத்து. 'ஐந்தே ஆண்டில் மூன்று மடங்கு' என்பது தேர்தல் காலத்தில் தவறாமல் வரும் தலைப்பு. அசையாச் சொத்துப் பகுதியில் வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு இரண்டுமே கேட்கப்படுகின்றன. சர்வே எண்ணும் இருக்கும். சென்ற தேர்தலின் பத்திரத்தையும் இறக்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சர்வே எண்களை ஒப்பிடுங்கள். அதே எண்கள், மதிப்பு மட்டும் கூடியிருந்தால் அந்தப் பக்கம் புறவழிச் சாலையோ தொழிற்பேட்டையோ வந்திருக்கலாம். புது எண்கள் முளைத்திருந்தால் புதிதாக வாங்கியிருக்கிறார்; அப்போது வருமானப் பகுதிக்குப் போய், கடந்த ஐந்து ஆண்டுகளில் வருமான வரித் துறைக்குக் காட்டிய தொகை அந்த விலையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் மாலை என் தொகுதியின் இரண்டு வேட்பாளர்களுக்கு இதைச் செய்து பார்த்தேன். ஒருவருடைய மூன்று மடங்கு வெறும் மதிப்பு உயர்வு. இன்னொருவரைப் பற்றி யாருமே எந்தப் பதிவும் போடவில்லை, ஆனால் அவர் பத்திரத்தில்தான் புது எண்கள் நிறைய இருந்தன.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பத்திரம் வேட்பாளர் தாமே எழுதிக் கொடுப்பது. அதில் உள்ளது உண்மையா என்று துருவிப் பார்ப்பது தேர்தல் நடத்தும் அலுவலரின் வேலை அல்ல. பொய்த் தகவல் கொடுத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது. ஆகவே 'பத்திரத்தில் இப்படி இருக்கிறது' என்றால் 'அவர் இப்படிச் சத்தியம் செய்திருக்கிறார்' என்று மட்டுமே பொருள். முதன்மை ஆவணத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

நேரம் இல்லாதவர்களுக்கு, மேலே சொன்ன சங்கமே நடத்தும் மைநேதா என்ற தளம் இந்தப் பத்திரங்களைச் சுருக்கி அட்டவணையாகத் தருகிறது. நல்ல தரகர், மூலத்தின் நகலையும் கூடவே வைப்பவர். ஆனாலும் சண்டை போடும் அளவுக்கு ஒரு எண் முக்கியம் என்றால் மூலத்தைப் பார்த்துவிடுங்கள்.

நிறைவேறியதும் நடைமுறைக்கு வந்ததும்

2023 செப்டம்பரில் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு தரும் அரசியலமைப்புத் திருத்தம் இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. '33 சதவீத இடஒதுக்கீடு வந்துவிட்டது' என்று வாழ்த்துகள் பறந்தன. 2024 மக்களவைத் தேர்தலில் அப்படி ஒரு ஒதுக்கீட்டைக் காணவில்லை என்றதும் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று வேறு சிலர் கொதித்தார்கள். இரு தரப்பும் 106-வது திருத்தத்தின் வாசகத்தைப் படிக்கவில்லை. அதன்பின் நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகி, தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்று 334ஏ பிரிவில் பச்சையாகவே எழுதியிருந்தது. அந்த நிபந்தனை நியாயமா என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். ஆனால் அது ஒளித்து வைக்கப்படவில்லை.

மசோதா தாக்கல், அவையில் நிறைவேற்றம், ஒப்புதல், அரசிதழில் வெளியீடு, நடைமுறைக்கு வரும் தேதி, அதற்கான விதிகள் என்று ஒரு சட்டம் பல படிகள் ஏறி வருகிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2024 மார்ச்சில்தான் வந்தன. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் எத்தனை முறை அது 'வந்துவிட்டது' என்று நமக்குச் செய்தி வந்திருக்கும்! எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். மத்திய அரசிதழுக்குத் தனித் தளம் உண்டு. மசோதாவின் முழு வாசகத்தோடு சுருக்கமும் வேண்டுமென்றால் பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற ஆய்வு அமைப்பின் தளம் உதவும். அதில் ஒரு மசோதா இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். ஆங்கிலம் வேண்டும் என்பது ஒரு குறை. தமிழில் அதற்கு ஈடாக ஒன்று இல்லாதது எனக்குத் தீராத ஆதங்கம்.

மாநில அரசின் முடிவு என்றால் அரசாணை. போலி அரசாணையைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசாணையின் தலைப்பில் துறையின் பெயர், எண், நாள் ஆகியவற்றோடு திருவள்ளுவர் ஆண்டும் தமிழ் வருடப் பெயரும் இருப்பது வழக்கம். 2021 ஆகஸ்டில் வந்த ஆணை என்றால் திருவள்ளுவர் ஆண்டு 2052, பிலவ வருடம். முடிவில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்ற வரி, கீழே நீளமான பெறுநர் பட்டியல். அவசரத்தில் கணினியில் சமைக்கப்படும் போலிகள் தலைவர் படத்தையும் முத்திரையையும் அழகாக ஒட்டிவிட்டு இந்தச் சலிப்பூட்டும் பகுதிகளில் கோட்டை விட்டுவிடும். சலிப்பூட்டும் பகுதிதான் நம் நண்பன். எண்ணையும் தேதியையும் எடுத்துக்கொண்டு அரசுத் தளத்தில் அந்தத் துறையின் பக்கத்தில் தேடினால் மீதி தெரிந்துவிடும்.

ஒரே பக்கத்து இரண்டு எண்கள்

2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை நினைவிருக்கிறதா? ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்ற வரிதான் மறுநாள் எங்கும் பேச்சு. மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் ஈவு அது. பின்னர் 2025-26 நிதிநிலை அறிக்கையில் மொத்தக் கடன் சுமார் 9.3 லட்சம் கோடியாக இருக்கும் என்ற மதிப்பீடு வந்தபோது எதிர்க்கட்சி ரூபாய்த் தொகையைச் சொன்னது; ஆளுங்கட்சி, மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் அது சுமார் 26 சதவீதம், வரம்புக்குள்தான் என்றது. இரண்டுமே ஒரே ஆவணத்தில் இருப்பவை, இரண்டுமே சரி. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தால் ரூபாயில் பேசத் தோன்றுகிறது, ஆளுங்கட்சி வரிசைக்கு மாறினால் சதவீதத்தில். அந்தந்த இருக்கையின் குணம் போலும்.

பிற மாநிலங்களோடு ஒப்பிட விரும்பினால், ரிசர்வ் வங்கி மாநிலங்களின் நிதிநிலை அறிக்கைகளை ஆராய்ந்து வெளியிடும் தொகுப்பு இருக்கிறது. எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவுகோல். கட்சிக்காரர் தயாரித்த வண்ணப்படத்தைவிட அந்தக் கறுப்பு வெள்ளை அட்டவணை கண்ணுக்குக் குளிர்ச்சி.

தாய்ப்பத்திரமே இல்லாத அரசியல் செய்தியும் ஒன்று உண்டு: நாளை என்ன நடக்கும் என்பது. 2024 ஜூன் 1 அன்று வாக்குப்பதிவு முடிந்த மாலையில் வந்த கருத்துக்கணிப்புகள் பலவும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. மூன்று நாள் கழித்து எண்ணியபோது வந்தது 293. கணிப்பைப் படிக்கலாம், ரசிக்கலாம். எத்தனை பேரிடம், எந்தத் தேதிகளில், எப்படிக் கேட்டார்கள் என்று சொல்லாத கணிப்பை ராசிபலன் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் வைத்துவிடலாம்.

தளத்தை விட்டு வெளியே வாருங்கள்

இதுவரை சொன்னது காகிதம் இருக்கும் விஷயங்களுக்கு. முன்பின் தெரியாத ஒரு தளத்தில், கேள்விப்படாத ஒரு 'ஆய்வு மையம்' எழுதியதைப் படிக்கும்போது என்ன செய்வது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற பத்துப் பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேர், மாணவர்கள் இருபத்தைந்து பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று முடிவு செய்யச் சொன்னார்கள். படித்த மேதைகளும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்தார்கள்; அழகான வடிவமைப்பு, கௌரவமான முத்திரை, 'எங்களைப் பற்றி' பகுதி ஆகியவற்றில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் வந்த வேகத்தில் வெளியே போய்விட்டார்கள். புதுப் பக்கங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள், யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். குறைவாகப் படித்தவர்கள் அவர்கள்தான், சரியாகவும் வேகமாகவும் முடிவு செய்தவர்களும் அவர்கள்தான். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள்.

நமக்குப் பழகிய வேலைதான் இது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் உட்கார்ந்து அவர்களிடமே 'நீங்கள் எப்படிப்பட்ட குடும்பம்' என்று கேட்பதில்லை. அந்தத் தெருவில் நான்கு வீடு தள்ளி விசாரிக்கிறோம்.

விசாரித்ததில் அது கட்சிப் பத்திரிகை என்று தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா? இங்கே பலர் தவறு செய்கிறார்கள். முரசொலி திமுகவின் ஏடு, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏடு, ஜனசக்தி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியுடையது, நமது அம்மா அதிமுகவுடையது. ஒரு விவகாரத்தில் அந்தக் கட்சியின் நிலைப்பாடு என்ன என்பதற்கு இவற்றைவிட நம்பகமான ஆதாரம் கிடையாது. எதிர்க்கட்சியைப் பற்றி அவை சொல்வதற்குத்தான் வேறு இடத்தில் தாய்ப்பத்திரம் தேட வேண்டும். தன் சட்டைப் பையில் கட்சிக் கொடியை வெளியே தெரியும்படி வைத்திருப்பவர் எனக்குத் தொந்தரவே இல்லை. நடுநிலை என்று பலகை மாட்டிவிட்டுப் பேசும் யூடியூப் சேனல்களிடம்தான் எனக்குப் பயம்.

நான் ஏமாந்த கதை

2021 சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம். ஒரு பெரிய தொலைக்காட்சியின் பெயரோடு ஒரு செய்தி அட்டை வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்குப் பிடிக்காத ஒரு தலைவர் ஒரு சமூகத்தைப் பற்றிக் கேவலமாகப் பேசியதாக அதில் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, குடும்பக் குழுவில் அனுப்பிவிட்டேன். என் தங்கையின் கணவர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்ப்பவர். பத்து நிமிடத்தில் தொலைபேசியில் அழைத்தார்.

"மச்சான், அந்த அட்டையில் எழுத்தைப் பார்த்தீர்களா? 'ஸ்ரீ' வேறு எழுத்துருவில் இருக்கிறது. அவர்கள் அட்டையில் தேதிக்குக் கீழே நேரமும் இருக்கும். இதில் தேதியே இல்லை."

அந்தத் தொலைக்காட்சியின் முகநூல் பக்கத்துக்குப் போய் அன்றைய அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அப்படி ஒன்று இல்லை. அவ்வளவு பெரிய பேச்சு நடந்திருந்தால் போட்டித் தொலைக்காட்சிகள் சும்மா இருந்திருக்குமா என்ற சாதாரணக் கேள்விகூட எனக்கு முதலில் தோன்றவில்லை. குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். என் அட்டையை ஏழு பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். என் மன்னிப்பை ஒருவரும் அனுப்பவில்லை.

எனக்குப் பிடித்த தலைவரைப் பற்றி அதே அட்டை வந்திருந்தால் எழுத்துருவை நானே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருப்பேன். இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: செய்தியைப் பார்த்ததும் 'நான் அப்போதே சொன்னேன் பார்' என்று மனம் துள்ளினால், அந்தச் செய்தியை மறுநாள் காலை வரை யாருக்கும் அனுப்புவதில்லை.

காணொளிகள் இன்னும் மோசம். 2023 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் இந்தி பேசும் மாநிலங்களில் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். அதற்குள் பீகார் சட்டமன்றத்தில் அமளி, இங்கே ரயில் நிலையங்களில் ஊருக்குக் கிளம்பும் கூட்டம். பீகார் அரசு அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த இரண்டு காணொளிகளிலும் பொய்யான காட்சி என்று ஒன்றும் இல்லை. அடி உண்மை, ரத்தம் உண்மை. கூடவே ஒட்டிய வாசகம்தான் பொய். காணொளியை ஓரிடத்தில் நிறுத்தி, அந்தக் காட்சியைப் படம் பிடித்து கூகுள் லென்ஸில் போட்டால், முன்பு வேறெங்காவது வந்திருந்தால் பெரும்பாலும் அகப்படும். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி எண் எந்த மாநிலத்துடையது என்று பார்ப்பது அதைவிடப் பழைய வித்தை.

இந்த வேலையையே தொழிலாகச் செய்பவர்கள் தமிழிலும் இருக்கிறார்கள்: யூடர்ன், ஃபேக்ட் கிரெசெண்டோ, நியூஸ்மீட்டர், நியூஸ்செக்கர். சந்தேகமான வரியை எடுத்துத் தேடுபொறியில் இட்டு இவற்றில் ஒன்றின் பெயரையும் சேர்த்துத் தேடினால் பல நேரம் பதில் தயாராக இருக்கும். தீர்ப்பை மட்டும் படிக்காமல், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற பகுதியைப் படியுங்கள். அங்கே அவர்கள் பத்திரத்தைக் காட்டுகிறார்களா, அல்லது 'அவர் மறுத்துவிட்டார்' என்பதோடு முடிக்கிறார்களா என்பதில் தரம் தெரியும்.

அரசுகளே நடத்தும் சரிபார்ப்பு அமைப்புகளும் உண்டு. மத்தியில் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் பிரிவு, இங்கே தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம். போலி வேலைவாய்ப்பு அறிவிப்பு, போலித் திட்டம் போன்றவற்றுக்கு இவை மிகவும் பயன்படும். அரசின் மீதான விமர்சனத்தையே 'பொய்' என்று முத்திரை குத்தும்போது மட்டும், வாதியே நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அரசுப் பிரிவே முடிவு செய்யலாம் என்ற தகவல் தொழில்நுட்ப விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கட்சி பார்க்காமல் எந்த அரசுக்கும் பொருந்துகிற ஒரு பயம் அதற்குப் பின்னால் இருந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். நானும் கேட்கிறேன். எந்தத் தணிக்கை அறிக்கை, எந்தப் பக்கம் என்று சொல்லும்படி கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். அங்கே அப்படி ஒரு வரியே இல்லாத அனுபவமும் நேர்ந்திருக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்த புதுத் தரகர் என்ற அளவில் அவருக்கு மரியாதை.

சில விஷயங்களுக்குக் காகிதம் இருக்கும், ஆனால் இணையத்தில் இருக்காது. உங்கள் ஊராட்சியில் போன ஆண்டு குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு செலவானது, ஒப்பந்தம் யாருக்குப் போனது என்பதை எந்தத் தளமும் எழுதப்போவதில்லை. அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். கேள்வியை 'ஏன்' என்று கேட்காமல் 'இன்ன கோப்பின் நகல் தருக' என்று கேட்டால்தான் காகிதம் வரும் என்பது பலமுறை மனு போட்டவர்கள் சொல்லும் சூட்சுமம். 'ஏன்' என்று கேட்டால் தங்களிடம் அப்படி ஆவணம் எதுவும் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.